இறப்புக் குமாஸ்தா நடக்கக் கிளம்பினார்

இது முழுக்க முழுக்க நடந்த கதை. ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

சேலம் பஸ் ஸ்டாண்டில், கிளம்பாத ஜலகண்டாபுரம் பஸ்ஸுக்குள்ளே இப்படித்தான் நான் கதையை ஆரம்பித்தேன். முன் சீட்டில் கடலைக் கூடையை மடியில் வைத்திருந்த சாலம்மாள் உடனே திரும்பிவிட்டாள். "போன வாரமும் இதேதானுங்க சொன்னீங்க. அப்பறம் பாத்தா, ஒரு மனுசன் நாக்காலியோட சேந்து மொளச்சிருந்தான்னீங்க."

சரி, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ரூபாய்க்குப் பன்னிரண்டணா நிஜம். மிச்சம் நாலணா, சக்கரத்துக்குப் போடுகிற எண்ணெய் மாதிரி. அது இல்லாவிட்டால் கதை கிறீச்சிடும். டிரைவர் டிபனுக்குப் போயிருக்கிறார், வர அரை மணி ஆகும். கேளுங்கள்.

பாக்கியநாதன் நாற்காலியில் உட்கார்ந்தது நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. நகராட்சி ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவு செய்கிற குமாஸ்தா. பின்னால் ஆள் உயரத்துக்கு ரிஜிஸ்டர், முன்னால் மேஜை, மேஜைக்கு அந்தப் பக்கம் கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வரிசை. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியின் பிரம்பு, சோற்றுப்பானை அடி மாதிரி குழிந்துவிட்டது. அந்தக் குழியில் வேறு யார் உட்கார்ந்தாலும் பொருந்தாது. மத்தியானம் சாப்பாடு மேஜைக்கே வரும். நெத்திலிக் கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், நாலு அப்பளம். சாப்பிட்டதும் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. தும்மினால் மட்டும் உடம்பு கொஞ்சம் அசையும். அத்தனை வருஷத்தில் அவர் செய்த உடற்பயிற்சி அந்தத் தும்மல்தான்.

வருகிறவர்களை அவர் ஐந்து கேள்வி கேட்பார். பேர், வயசு, தெரு, தேதி, காரணம். இறந்தவருக்குச் சொந்தக்காரர் யாராவது ஜன்னலில் வந்து நின்று சொல்ல வேண்டும். சொல்லும்போதே அழுகிறவர்கள் உண்டு, கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் உண்டு. ஒரு கிழவர் அழுத அழுகையில் ஆபீசுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. (இது நாலணாவைச் சேர்ந்தது.) பாக்கியநாதன் தலை தூக்க மாட்டார். முதல் வருஷம் தூக்கிப் பார்த்தார். இரண்டாம் வருஷம் பேனாவைப் பார்த்தார். அப்புறம் பேனாவையும் பார்க்கவில்லை, அது தன்னால் எழுதியது.

ஐம்பத்தாறாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசுக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், அவர் மனைவி ரோசி அடுப்படியில் இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்படியே போய்விட்டாள். முப்பத்தொரு வயசு. கோயில் கல்லறையில் அடக்கம் பண்ணி மூன்றாம் நாள் பாக்கியநாதன் ஆபீசுக்கு வந்தார். சொந்தக்காரர் வந்து சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவர் சட்டப்படி நடக்கிற ஆள். வெளியே போய் ஜன்னலில் நின்றார். உள்ளே பார்த்தால் நாற்காலி காலி. யாரிடம் சொல்வது? சுற்றி உள்ளே வந்து உட்கார்ந்தார். இப்போது ஜன்னலில் ஆள் இல்லை. பியூன் சென்னிமலை கண்ணால் பார்த்தது இது, இதில் நாலணா கலப்படம் கிடையாது.

"பேரு?" என்று பாக்கியநாதன் மெதுவாகக் கேட்டார்.

"ரோசி" என்று அவரே சொன்னார்.

"வயசு?"

சொன்னார். காரணம் என்ற இடத்தில் மாரடைப்பு என்று எழுதினார். மை ஒற்றும் தாளை வைத்து ஒற்றினார். "அடுத்த ஆளு" என்றார்.

அன்றைக்கு அவருக்கு அழுகை வரவில்லை. மறுநாள் வரும் என்று பார்த்தார், வரவில்லை. அப்புறம் எதுவுமே வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, கிள்ளினால்கூட வேறு யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அவருக்கு நெஞ்சுக்குள் அப்படி இருந்தது. ஆனால் வேலை நின்றதா? இல்லை. கையெழுத்து முன்னைவிட அழகானது. ஒரு மகள் இருந்தாள், வேளாங்கண்ணி. அப்போது ஒன்பது வயசு. அம்மா போன பிறகு அவளுக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா படுத்துத் தூங்கினால், பக்கத்தில் வந்து மூக்குக்கு நேரே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். அவர் தூங்குகிற மாதிரியே கிடப்பார்.

ஆறு வருஷம் போனது. ஒரு நாள் பழைய ரிஜிஸ்டர் எடுக்க எழுந்தவருக்கு இரண்டு காலும் மரத்திருந்தது. அது தெரியாமல் அடி எடுத்து வைத்தார். மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். மேலே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதிலிருந்து நாற்பது வரை செத்தவர்கள் எல்லாரும் விழுந்தார்கள், ரிஜிஸ்டர் ரிஜிஸ்டராக. சென்னிமலை அவரை ஜட்காவில் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த டாக்டர். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். கையில் பட்டையைக் கட்டிக் காற்று அடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி அடித்தார்.

"நெஞ்சு வலிக்குதா?"

"தெரியலீங்க."

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"எங்க ஆபீசுல படி இல்லீங்க."

"பயமா இருக்கா?"

பாக்கியநாதன் யோசித்துப் பார்த்தார். "தெரியலீங்க" என்றார்.

டாக்டர் குழாயை மேஜையில் வைத்தார். "ரத்த அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கு. இருதயம் பலவீனமா இருக்கு. நீங்க நாள் பூரா உட்கார்ந்தே இருக்கீங்க, உப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடறீங்க. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூணையும் இன்னையோட விட்டுடுங்க. பொடியையும் விட்டுடுங்க. அரை மணிக்கு ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்திருங்க. தினமும் நடங்க. முதல்ல அரை மைல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மைல் வரைக்கும்."

"நடக்காட்டி?"

"நடக்காட்டி உங்க ரிஜிஸ்டர்ல உங்க பேரை வேற யாராவது எழுதுவாங்க."

வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே பாதி செத்திருப்பான். பாக்கியநாதன் "சரிங்க" என்றார். ஆனால் திரும்பி வரும்போது ஜட்காவில் ஒரே ஒரு விஷயம் கண்ணுக்குள் வந்தது. ஜன்னல். அவர் நாற்காலியில் புதுசாக ஒருத்தன். வெளியே சொந்தக்காரர் வந்து நிற்க வேண்டும். யார் நிற்பது? அவருக்கு இருப்பது ஒரே ஆள். வேளாங்கண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் புதியவன் தலையைத் தூக்காமல், "காரணம்?" என்று கேட்பான்.

இது மட்டும் அவருக்கு ஒப்பவில்லை. துக்கம், பயம் என்றெல்லாம் சொல்ல முடியாது. ரிஜிஸ்டரில் கோடு கோணலாக விழுந்தால் எப்படி ஒப்பாதோ, அப்படி. ஆகவே நடப்பது என்று முடிவு செய்தார். மகளிடம் மூச்சு விடக்கூடாது என்றும் முடிவு செய்தார். மூக்குக்கு விரல் வைக்கிற பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை தெருவில் இறங்கினார். அங்கேதான் வினை. நம் ஊரில் சும்மா நடக்கிற மனுஷனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? சந்தைக்கு நடப்பான், பஸ்ஸுக்கு நடப்பான், கோர்ட்டுக்கு நடப்பான். சும்மா நடக்க மாட்டான். அதிலும் இறப்புக் குமாஸ்தா சும்மா நடக்கலாமா?

முதல் தெருவிலேயே வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண் வாளியைக் கீழே போட்டாள். "ஏனுங்க குமாஸ்தா, யாரு ஊட்டுலீங்க?"

"யாரு ஊட்டுலயும் இல்லீங்க. சும்மா நடக்கறனுங்க."

"சும்மாவா?" அவள் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. ஏற்காடு அடிவாரம் வரைக்கும் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இரண்டாம் தெருவில் வண்டிக்காரர் அருணகிரி, முதுகு பிடித்துக்கொண்டது என்று ஆறு மாசமாகக் கட்டிலில் கிடந்தார். கட்டில் ஜன்னலோரம். குமாஸ்தா முதல் நாள் போவதைப் பார்த்தார், பேசவில்லை. இரண்டாம் நாள் பார்த்தார், பல்லைக் கடித்தார். மூன்றாம் நாள், ஆறு மாசம் எழுந்திருக்காத மனுஷன் எழுந்து, சொம்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார்.

"யோவ்! நானு இன்னும் சாவலய்யா! மூணு நாளா எட்டி எட்டிப் பாத்துட்டுப் போறியே, பேனாவுல மை காஞ்சு போவுதா உனக்கு?"

சொம்பு பாக்கியநாதன் காதை உரசிக்கொண்டு போய்க் காவேரியில் விழுந்தது. காவேரி அங்கிருந்து முப்பது மைல். பின்னாலேயே அருணகிரியின் மருமகள் ஓடிவந்து மெதுவாகச் சொன்னாள்: "சாமி, நாளைக்கும் வாங்க சாமி. மாமன் எந்திரிச்சு நடந்துபோட்டாரு." ஆனால் தெருக்காரர்கள் ஒன்றுகூடி, "அய்யா, நீங்க வேற பக்கம் போயிக்கங்க. கர்ப்பிணிப் பொண்ணுங்க இருக்கற தெரு இது" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள்.

எந்தப் பக்கம் போவது? எல்லாத் தெருவிலும் ஜனம் பிறக்கிறது, எல்லாத் தெருவிலும் சாகிறது. அவர் நடந்தால் கேள்வி கேட்காத இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. கோயில்.

கோயிலுக்குள் இரண்டு பக்கச் சுவரிலும் சிலுவைப் பாதைப் படங்கள் பதினான்கு. சேசுநாதருக்குத் தீர்ப்பு சொல்கிற முதல் ஸ்தலத்திலிருந்து கல்லறையில் வைக்கிற பதினான்காம் ஸ்தலம் வரைக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, முழங்கால் மடக்கி, எழுந்து, அடுத்ததற்கு நடக்க வேண்டும். பாக்கியநாதன் கணக்குப் பார்த்தார். டாக்டர் நடக்கச் சொன்னார், எழுந்திருக்கவும் சொன்னார். இங்கே இரண்டும் இருந்தது. முழங்காலை மடக்காமல் தாண்டினால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள், அதனால் ஏமாற்றவும் வழி இல்லை. ஆபீஸ் விட்டதும் நேரே கோயில். முதல் வாரம் இரண்டு சுற்று, அப்புறம் நாலு, அப்புறம் பத்து. பத்து சுற்றென்றால் நூற்று நாற்பது தடவை முழங்கால். அவர் ஜெபம் சொன்னாரா? வாய் அசைந்தது. சுற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஊர் ஒரு தப்புக் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், மட்டும்தான் போட முடியும். சிலுவைப் பாதை தபசுக்காலத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில், ஒரு சுற்று சுற்றுவது வழக்கம். தபசுக்காலம் முடிந்து மூன்று மாசம் ஆன பிறகு, தினமும், பத்து சுற்று ஒருத்தன் சுற்றினால், அவன் என்ன பாவம் செய்துவிட்டு வந்திருக்கிறான்? கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிற உபகாரசாமிக்குத் தூக்கம் போய்விட்டது. மெழுகுவத்தித் துண்டுகளை வரிசையாக வைத்துச் சுற்றை எண்ணினார்.

"என்னுங்க பாக்கியநாதன், ஏதாச்சும் நேர்த்திக்கடனுங்களா?"

"இல்லீங்க. சும்மாத்தான்."

மறுபடியும் அந்தச் சும்மா! யாராவது கோயிலுக்குச் சும்மா வருவார்களா? உபகாரசாமி தீர்த்தத் தொட்டியருகே ஒரு ஆளிடம், "எதையோ தப்பா எழுதிப்போட்டாரு போல" என்றார். கோயில் கேட்டுக்குப் போகும்போது அது, உயிரோடு இருந்தவனைச் செத்தவன் என்று எழுதியதாகிவிட்டது. கடைவீதியில் செத்தவனே எழுந்து வந்து சண்டை போட்டான். பழைய மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது ரோசியின் பேர் அதில் ஒட்டிக்கொண்டது. ரோசி தானாகச் சாகவில்லை. இவர்தான் ஏதோ செய்துவிட்டு, கையில் பேனா இருக்கிறதென்று மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார். இல்லாவிட்டால் எதற்குப் பத்து சுற்று?

வேளாங்கண்ணி வீட்டில் வேறு ஒன்றைக் கவனித்திருந்தாள். அப்பா கருவாட்டைத் தொடுவதில்லை. ஊறுகாயைக் காகத்துக்கு வைக்கிறார், காகம்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உப்பில்லாக் கஞ்சியைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கிறது என்கிறார். உபவாசம் இருக்கிற மாதிரி இருந்தது. இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அவளிடம் அந்தப் பேச்சைச் சொல்லிவிட்டது. பெல் அடிக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை. புத்தகப் பையோடு நேரே நகராட்சி ஆபீசுக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கம்பியைப் பிடித்தாள்.

பாக்கியநாதன் தலை தூக்காமல், "பேரு?" என்றார்.

"ரோசி."

பேனா நின்றது. வெகு வருஷத்துக்குப் பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"எங்கம்மா எதுல செத்தாங்கப்பா?"

அவர் பேனாவை வைத்தார். எழுந்து போய் ஐம்பத்தாறாம் வருஷத்து ரிஜிஸ்டரை எடுத்து வந்து, பக்கத்தைப் பிரித்து ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் தானாகவே திறந்தது.

"மாரடைப்பு. நீங்க எழுதினதா?"

"நான் எழுதினதுதான்."

"நெசமா?"

"நெசம் கண்ணு."

"அப்பறம் எதுக்குத் தெனமும் கோயில்ல சுத்தறீங்க? ஊரே கேக்குது. எங்கிட்டச் சொல்லுங்க."

வரிசையில் பின்னால் நின்ற ஆள், "ஏம்மா, சீக்கிரம் சொல்லீட்டு நவுரு" என்றார். பாக்கியநாதன் பேனா மூடியைத் திருகினார், திரும்பத் திறந்தார். அவருக்கு ஜன்னலில் பேசத் தெரிந்தது ஒரே விதம்தான். அப்படியே சொன்னார்.

"பேரு பாக்கியநாதன். வயசு நாப்பத்தாறு. இருதய பலவீனம். இன்னும் சாகல. நடந்தா சாக மாட்டேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தெருவுல நடக்க உடமாட்டேங்கறாங்க. அதான் கோயில்ல நடக்கறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ இந்த ஜன்னல்ல வந்து நிக்கக் கூடாதுன்னுதான்."

வேளாங்கண்ணி தன் கையைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். "இப்ப நின்னுட்டனே" என்றாள்.

அவள் அழவில்லை. அவரும் அழவில்லை. இங்கே அழுதார்கள் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், நாலணாவில் இடமும் இருக்கிறது. ஆனால் அழவில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "டாக்டர் வேற என்ன சொன்னாரு?"

"அரை மணிக்கு ஒருக்கா எந்திரிக்கச் சொன்னாரு."

"எப்ப எந்திரிச்சீங்க?"

"இப்பத்தான். ரிஜிஸ்டர் எடுக்க."

"சரி. அப்ப அஞ்சரைக்குக் கோயிலுக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். பின்னால் நின்றவர் முன்னால் வந்து, தன் தாயார் இறந்ததைச் சொன்னார். பாக்கியநாதன் எழுதினார்.

அன்றிலிருந்து இரண்டு பேர் சுற்றினார்கள். மகள் முன்னால், அப்பா பின்னால். ஊர் விடவில்லை. பாவம் பெரிசு, மகளும் பங்கு போட்டுக்கொண்டாள் என்றது. அவள் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. அப்பாவுக்கு நாள் தவறாமல் சட்டைப் பையில் ஒரு துண்டு வெல்லம் போட்டு அனுப்பினாள், நடந்த பிறகு வாயில் போட்டுக்கொள்ள. ஆபீசில் சென்னிமலைக்கு அவள் கொடுத்த உத்தரவு வேறு. அரை மணி ஆனால் அவன் நாற்காலியைப் பின்னாலிருந்து உருவுவான். முதல் வாரத்தில் மூன்று தடவை பாக்கியநாதன் தரையில் உட்கார்ந்தார், அப்புறம் தானாகவே எழுந்திருக்கப் பழகினார்.

ஒரு சாயங்காலம் நாலாம் ஸ்தலத்தில், சேசுநாதர் தாயாரைச் சந்திக்கிற படத்துக்கு முன்னால் முழங்கால் மடக்கி எழுந்தபோது, இடது நெஞ்சில் என்னவோ ஊர்ந்தது. மரத்துப் போன கால் தெளியும்போது எறும்பு ஊருமே, அந்த மாதிரி. பாக்கியநாதன் அசையாமல் நின்றார். அந்த அழுகை ஆறு வருஷம் கழித்து வந்துவிட்டதா? பொத்தானைக் கழற்றிப் பார்த்தார். நிஜ எறும்பு. வெல்லத்துக்கு வந்தது. ஊதிவிட்டு அடுத்த ஸ்தலத்துக்கு நடந்தார்.

வருஷம் திரும்பியதும் டாக்டர் மறுபடி குழாயை வைத்தார், பட்டையைக் கட்டினார், சிரித்தார். "நல்லா எறங்கியிருக்கு. துடிப்பு ஒழுங்கா இருக்கு. உங்களுக்கு எப்படி இருக்கு?"

"ஒண்ணும் தெரியலீங்க."

"அதுதான் வேணும். ஒழுங்கா ஓடற இருதயம் இருக்கறதே தெரியாது."

பாக்கியநாதன் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, கோயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். போன வாரம்கூடச் சுற்றினார். வேளாங்கண்ணி இப்போது டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். அந்த ஜன்னலுக்கு அவள் மறுபடி வரவில்லை.

"ஆக, நடந்ததுலதான் மனுசன் பொழச்சாரு" என்றான் ராசப்பன். பஸ்ஸில் பின் சீட்டில் இருந்த தறிக்காரன். நாள் பூராவும் குழித்தறியில் உட்காருகிறவன், அதனால் கொஞ்ச நேரமாகக் காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நடந்ததுலயா?" சாலம்மாள் கூடையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். "உப்பை உட்டாருல்ல, அதுல பொழச்சாரு. எங்கூட்டுக்காரரு நாள் பூரா நடக்கறவருதான். கருவாடு தின்னே போய்ச் சேந்தாரு."

செபஸ்தியான் என்றொருவர், அதே கோயில்காரர், ஜன்னலோரமாக இருந்தார். "கோயில்ல சுத்தீட்டு உப்புங்கறீங்க! தேவமாதா காப்பாத்தினது உங்களுக்குத் தெரியலியா?"

"அவருதான் செபமே சொல்லலியே! சுத்தைத்தான எண்ணுனாரு!" என்றான் ராசப்பன்.

"எவன் சொன்னது? நீ வந்து காதை வெச்சுக் கேட்டியா?"

"பொழச்சாரு, பொழச்சாருங்கறீங்களே" என்று சாலம்மாள் குரலை உயர்த்தினாள். "என்னத்தப் பொழச்சாரு? பொண்டாட்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு உடாத மனுசன். எறும்பு கடிச்சாக்கூடத் தெரியாது. அது பொழப்பா?"

"உசுரு இருக்குதல்ல! புள்ளைக்கு அப்பன் இருக்குறானல்ல!"

"மரக்கட்டைகூடத்தான் இருக்குது!"

"ஆரைய மரக்கட்டைங்கறே? எங்க கோயில் ஆளைய மரக்கட்டைங்கறியா?" செபஸ்தியான் எழுந்தார். எழுந்த வேகத்தில் கடலைக் கூடை சாய்ந்தது, கடலை பஸ் நெடுக உருண்டது. ராசப்பனும் எழப் பார்த்தான். கால் மரத்திருந்தது. செபஸ்தியான் மேலேயே விழுந்தான், விழுந்தவன் சட்டையை அவர் பிடித்தார், இருவர் தலையிலும் சாலம்மாள் காலிக் கூடையால் போட்டாள், கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதினார், ஊதினார், டிரைவர் இன்னும் வரவில்லை.